மூன்று முறை அலசுகிறோம்

நீலம் பாய் தன் சலவைக்கடை வாசலில் அந்தப் பலகையை மாட்டியபோது அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் அவர் செய்த தப்பு. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் எதையும் எழுதி வாசலில் மாட்டுவதில்லை. பலகையில் மூன்று வரிகள் இருந்தன.

“பேனா மை, முத்திரை மைக் கறைகளை எடுக்க ஸ்பிரிட் பயன்படுத்துகிறோம். பிறகு சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலசுகிறோம். விருப்பமில்லாதவர்கள் துணி கொடுக்கும்போதே சொல்லிவிடவும்.”

சொட்டு நீலத்தைக் கலக்கிக் கலக்கி வலது கை விரல்கள் வெளிர்நீலமாகவே தங்கிவிட்டதால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே எடுக்க வேண்டிய தேவை அதிகம் வரவில்லை. கடை திறந்து ஒன்பது வருடம். பலகையும் ஒன்பது வருடம்.

“யாரும் கேக்கலையே, நீங்களா எதுக்கு எழுதி மாட்டறீங்க?” என்று மனைவி அன்றைக்கே கேட்டாள்.

“தொழுகைக்குப் போட்டுட்டுப் போற துணி. என்ன போட்டு வெளுக்கறோம்னு கொடுக்கறவங்களுக்குத் தெரியணும்ல.”

ஒன்பது வருடத்தில் இரண்டு பேர் மட்டும் ஸ்பிரிட் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய சட்டைகளைக் கறையோடு திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேருமே அடுத்த வாரம் அதே சட்டையைக் கொண்டுவந்து, என்ன வேண்டுமானாலும் போடுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் அந்தப் பலகையை போனில் படம் எடுத்தார். ஒன்பது வருடமாகக் கண்ணில் படாதது அன்றைக்கு ஏன் பட்டது என்று அவருக்கே தெரியாது. வெயில் கண்ணாடியில் அடித்ததால் படத்தில் முதல் வரி மட்டும்தான் தெளிவாக விழுந்தது. அதை அவர் ஒரு குழுவில் போட்டார். மத்தியானத்துக்குள் ஸ்பிரிட் சாராயமாகிவிட்டது. மாலைக்குள் துணிகளைச் சாராயத் தொட்டியில் ஊறவைத்தார்கள். புதன்கிழமை செய்தி முழு வளர்ச்சி அடைந்து இப்படி நின்றது: “இந்தக் கடையில் வெளுத்த துணியோடு தொழுத தொழுகை கூடாது. ஒன்பது வருடத் தொழுகையையும் திரும்பத் தொழ வேண்டும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.”

மறுமையில் பதில் சொல்ல யாருக்குத்தான் தைரியம் இருக்கிறது. அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை கடைக்கு ஆட்கள் வந்தார்கள். துணி கொடுக்க அல்ல, கொடுத்த துணியைத் திரும்ப வாங்க. ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை என்று பாதி அலசிய பெட்ஷீட்டைச் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போனார் ஒருவர். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். எல்லோரும் மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வந்தார். கையில் கோடு போட்ட நோட்டு. பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

“பாய், என்னோட சாம்பல் கலர் சட்டையில நீங்க எப்ப மைக்கறை எடுத்தீங்க?”

“போன வருஷம் ஒருக்கா எடுத்தேன் டாக்டர்.”

“தேதி?”

“தேதி எப்படி ஞாபகம் இருக்கும்?”

“அது தெரிஞ்சாத்தான் அதுக்கப்புறம் அந்தச் சட்டையில எத்தனை வேளை தொழுதேன்னு பார்க்க முடியும். வெள்ளைச் சட்டைக்கு ஏற்கெனவே போட்டுட்டேன். நானூத்துப் பதினொண்ணு வருது.”

“டாக்டர், மூணு தடவை தண்ணில அலசறோம். அலசினதுக்கப்புறம் வாசனைகூட இருக்காது. நீங்க உங்க கருவியெல்லாம் துடைக்க என்ன வெச்சிருக்கீங்க?”

“அது மருத்துவம்” என்று சொல்லி டாக்டர் நோட்டை மூடினார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவிதான் சொன்னாள். “கமிட்டின்னு ஒண்ணு வெச்சிருக்காங்களே. அதுக்குத்தானே வெச்சிருக்காங்க. போய்ச் சொல்லுங்க.”

*

ஜமாஅத்தில் அந்தக் கமிட்டி மூன்று மாதத்துக்கு முன் அமைக்கப்பட்டது. முழுப்பெயர், செய்தி ஆய்வு மற்றும் உறுதிப்பாடு மற்றும் பரவல் தடுப்புக் குழு. ஜமாஅத் தலைவர் காலமாகிவிட்டார் என்று ஒரு பொய்ச் செய்தி பரவியதை ஒட்டிப் பிறந்தது. பொய்ச் செய்திகூடத் தலைவரை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அதற்கு வந்த இரங்கல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதுதான் மனதைப் பாதித்தது என்று அவருக்கு வேண்டியவர்கள் சொன்னார்கள். அந்தக் கமிட்டிக்கும் அவரே தலைவர். முன்பு பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பள்ளிவாசல் மாடியில் கமிட்டி அறை. உள்ளே நுழைந்ததும் எதிரே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு குர்ஆன் வசனத்தின் பொருள் பெரிய எழுத்தில் தொங்கியது: ‘நம்பத்தகாத ஒருவர் உங்களிடம் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதை நன்றாக விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதிருக்க.’ நீலம் பாய்க்கு அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. தனக்காகவே எழுதி மாட்டியது போல இருந்தது. அதற்குக் கீழே சிறிய அட்டையில், விசாரணை நேரம் மாலை அஸர் தொழுகைக்குப் பின் மட்டும், காலணிகளை வெளியே விடவும், என்று இருந்தது.

செயலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். முன்னால் நான்கு போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

“புகாரை மூணு பிரதி எழுதணும் பாய். உங்களைப் பத்திப் பரவின செய்தியை ஒவ்வொரு பிரதியிலயும் முழுசா, ஒரு எழுத்து விடாம எழுதணும்.”

“அது பொய்யாச்சே.”

“பொய்னாலும் முழுசா எழுதணும். அரைகுறையா எழுதினா பொய்யைத் திரிச்ச மாதிரி ஆயிடும்.”

“ஒரே ஒரு தடவை கடைக்கு வந்து பாருங்களேன். அஞ்சு நிமிஷம்தான் ஆகும். பாட்டிலைக் காட்டறேன், தொட்டியைக் காட்டறேன், அலசறதைக் காட்டறேன்.”

“நேர்ல பார்க்கறது எங்க கமிட்டி இல்லை. அது கள ஆய்வுக் கமிட்டி.”

“அவங்களை எங்க பார்க்கணும்?”

“இன்னும் அமைக்கலை.”

நீலம் பாய் உட்கார்ந்து எழுதினார். தன் கடையில் வெளுத்த துணியோடு தொழுத தொழுகை கூடாது என்று தன் நீல விரல்களாலேயே மூன்று முறை எழுதினார். மூன்றாவது தடவை எழுதும்போது அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் கமிட்டி வேலையைத் தொடங்கியது. பதினொரு குழுக்களுக்கு ஒரு முன்னறிவிப்பு போனது. “கீழ்க்காணும் செய்தி விசாரணையில் உள்ளது. தீர்ப்பு வரும்வரை இதை யாரும் நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், பரப்பவும் வேண்டாம்.” கீழே செய்தி முழுசாக இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செயலாளர் அதைத் தன் குரலிலேயே வாசித்தும் அனுப்பினார். கண் பார்வை குறைந்த முதியவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி. எந்தச் செய்தியைப் பரப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா. அதுவரை விஷயமே தெரியாத குடும்பங்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டன. நீலம் பாயின் மாமியார் வேறு ஊரிலிருந்து போன் செய்து, மாப்பிள்ளை குடிக்க ஆரம்பிச்சுட்டாரா என்று மகளிடம் அழுதார்.

கடைக்கு அப்போது மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளர் பள்ளிவாசல் இமாம். வயதானவர். வாரம் ஒரு ஜுப்பா. அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் முன்வாசல் வழியாகத்தான் வருவார்.

“ஹஜ்ரத், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேன் பாய். ஸ்பிரிட்டை நஜீஸ், அசுத்தம்னு சொல்ற ஆலிம்கள்கூடத் தண்ணில அலசிட்டா சுத்தம்னுதான் சொல்றாங்கன்னு சொன்னேன். எழுதிக் கொடுங்கன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். இப்ப அது உண்மையா நான் எழுதினதான்னு சரிபார்த்துட்டு இருக்காங்க.”

இமாம் சிரிக்கவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஜமாஅத். அடுத்த வாரம் அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. விசாரணையில் உள்ள கடையில் இமாம் துணி போடுவது தீர்ப்பைப் பாதிக்கும் என்பதால் தவிர்க்கவும். அதன்பிறகு பள்ளிவாசல் மொட்டைமாடியில் அவரே ஜுப்பாவைத் துவைத்துக் காயப்போடுவதை நீலம் பாய் தெருவிலிருந்து பார்த்தார். சரியாகப் பிழியவில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

*

அடுத்து ஒரு சொற்பொழிவு. ‘சமூக ஊடகமும் நமது பொறுப்பும்’ என்று தலைப்பு. நேரலையும் உண்டு. நீலம் பாய் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தார். முதலில் இமாம் ஐந்து நிமிடம் பேசினார். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யன் என்பதற்குப் போதும் என்று நபிகள் சொன்னதைச் சொன்னார். புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்று சொன்னார். விரலால் தட்டுவதும் நாக்கால் பேசுவதும் ஒன்றுதான் என்றார். அடுத்ததை ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்துவிட்டதென்று சீட்டு வந்தது.

தலைவர் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

“அன்புச் சகோதரர்களே, உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன், பேர் சொன்னா அது புறம் பேசறதாயிடும். ஒரு சலவைக்கடை. எந்தக் கடைன்னு கேக்காதீங்க. மருந்துக்கடைக்குப் பக்கத்துல, பச்சை ஷட்டர். அந்தக் கடையைப் பத்தி ஒரு செய்தி. அது பொய்யா இருக்கலாம், உண்மையாவும் இருக்கலாம், அல்லாஹ்தான் அறிவான். ஆனா நாம என்ன செஞ்சோம்? விசாரிச்சோமா? நான் கேக்கறேன், உங்கள்ல ஒருத்தராவது விசாரிச்சீங்களா?”

கூட்டம் தலை குனிந்தது. பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பித் தூணோரம் பார்த்தன. நீலம் பாயும் பின்னால் யாரையோ பார்க்கிறார்கள் போல என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

*

இரண்டு மாதம் கழித்து விசாரணை நாள் வந்தது. அதற்குள் கடையில் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவதையே நிறுத்தியிருந்தார்கள். மனைவி காலையில் கடைக்கு வந்து அடுக்குகளைத் துடைப்பாள், மாலையில் மறுபடியும் துடைப்பாள். மாதக் கடைசிக்குள் ஏதாவது முடிவு வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, மூத்த மச்சானின் ஊரில் எங்காவது வேலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தார்கள். நீலம் பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. இனிமேல் இன்னொருவர் கடையில் நின்று தேய்க்கிற வயதில்லை.

வெள்ளைப் பலகையில் செயலாளர் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். மேலே தலைப்பு: அறிவிப்பாளர் வரிசை. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் நம்பகமானவரா, ஞாபகசக்தி எப்படி, என்று நபிமொழிகளை ஆராய்ந்த பெரியவர்கள் எப்படி ஆராய்ந்தார்களோ அதே முறையில் இந்தச் செய்தியையும் ஆராயப்போகிறோம் என்று தலைவர் அறிவித்தார். இமாம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, பாவமன்னிப்புக் கேட்கிறாரா என்று தெரியவில்லை.

முதலில் தண்ணீர் கேன்காரர். “நான் பலகையில இருந்ததைத்தான் அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட்டலை.”

“நம்பகமானவர்” என்று எழுதினார் செயலாளர்.

அடுத்து பெயிண்டர். ஸ்பிரிட்டைச் சாராயம் ஆக்கியது அவர்தான். “எல்லாருக்கும் புரியற மாதிரி எளிமையாச் சொன்னேன். வார்னிஷ்ல கலக்கற எங்களுக்கு ஸ்பிரிட்னா தெரியும். மத்தவங்களுக்குத் தெரியணும்ல.”

“நல்ல எண்ணம். ஆனா போன் கண்ணாடி உடைஞ்சிருக்கு. பார்வையில் சிறு பலவீனம்.”

மதரஸா வாத்தியார் எழுந்தார். “தொழுகை கூடாதுன்னு நான் தீர்ப்பாச் சொல்லலை. கூடுமான்னு கேள்வியாத்தான் கேட்டிருந்தேன்.”

“எனக்கு வரும்போது கேள்வி இல்லை” என்றார் பல் டாக்டர். “நான் சேர்த்தது ஒன்பது வருஷம்ங்கறது மட்டும்தான். கடை தொறந்து ஒன்பது வருஷம்தானே பாய்?”

“ஆமா டாக்டர்.”

“அப்ப அந்தப் பகுதி உண்மை” என்று பதிவு செய்யப்பட்டது.

பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்ன வரியைச் சேர்த்தது யார் என்று தலைவர் கேட்டார். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “அது நான் எல்லாச் செய்தியிலயும் போடறதுதான். கெட்ட நோக்கம் இல்லை. பழக்கம்.” தன் கட்டத்துக்குள் தானே, நம்பகமானவர், என்று எழுதிக்கொண்டார்.

இமாம் கண்ணைத் திறந்தார். “தலைவரே, ஒரு விஷயம். அந்தக் காலத்துல ஒரே ஒரு அறிவிப்பைச் சரிபார்க்க ஒட்டகத்துல மாசக்கணக்காப் பயணம் போனாங்க. பாய் கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு. எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே.”

“ஹஜ்ரத், அவங்க காலத்துல போன் இல்லை. அதனால நேர்ல போனாங்க. நமக்கு அல்லாஹ் வசதியைக் கொடுத்திருக்கான், அதைப் பயன்படுத்தாம இருக்கறது நன்றிகெட்டத்தனம்.”

இமாம் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் எல்லாம் பின்னோக்கிப் போய்க் கடைசிக் கட்டத்தில் நின்றன. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தலைவர் தண்ணீர் கேன்காரரைக் கேட்டார்.

“நீங்க படம் எடுத்த பலகையை எழுதினது யாரு?”

“பாய்தான்.”

அறையில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். இரண்டு மாத உழைப்பு வீண் போகவில்லை. செயலாளர் கடைசிக் கட்டத்தில் நீலம் பாய் என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

தலைவர் நின்றுகொண்டே தீர்ப்பை வாசித்தார். “ஒன்று, செய்தியின் உள்ளடக்கம் பொய். இரண்டு, செய்தியைக் கொண்டுவந்தவர்கள் அனைவரும் நம்பகமானவர்கள். மூன்று, நம்பகமானவர்கள் பொய்யைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், பொய் அவர்களுக்கு முன்பே செய்தியில் இருந்திருக்க வேண்டும். நான்கு, அவர்களுக்கு முன்பு இருந்தவர் சலவைக்கடைக்காரர் ஒருவரே. ஆகவே சமுதாயத்தில் குழப்பம் ஏற்படுத்திய முதல் அறிவிப்பாளர் என்ற முறையில் அவர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையிலிருந்து பலகையை அகற்ற வேண்டும். அதன்பின் செய்தி பொய்யென அறிவிக்கப்படும்.”

“நான் உண்மையைத்தானே எழுதி வெச்சேன்?”

“அதுதான் பாய் பிரச்சினை. நீங்க எழுதாம இருந்தா யாரும் தப்பாப் படிச்சிருக்க மாட்டாங்க.”

“எழுதலைன்னா மறைச்சதாயிடுமே.”

“மறைச்சிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் தலைவர், பொறுமையாக.

நீலம் பாய் சட்டத்துக்குள் இருந்த வசனத்தை ஒரு தடவை பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பொய் என்று அறிவிப்பார்கள், கடை பிழைக்கும். போடாவிட்டால் இன்னொரு அமர்வு, இன்னொரு முன்னறிவிப்பு, பதினொரு குழு. அவருக்குக் களைத்துப் போய்விட்டது. ஒரு ஆள் எத்தனை நாள்தான் தன்னைப் பற்றித் தானே விளக்கிக்கொண்டிருப்பது. தலைவர் தன் பேனாவைக் கொடுத்தார். மை நிரப்பும் பழைய பேனா, பதிவாளர் அலுவலக நாளிலிருந்து கூட இருப்பது, மூடி சரியில்லாதது. நீலம் பாய் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் அதைப் பையில் செருகிக்கொண்டார். அவருடைய வெள்ளை ஜிப்பாவின் பையில் ஒரு கருநீலப் புள்ளி தோன்றி மெல்ல அகலமாவதை அந்த அறையில் நீலம் பாய் ஒருவர்தான் பார்த்தார். தொழில்காரக் கண். சொல்ல வாயெடுத்தார். செய்தி சொல்ல இது இடமில்லை என்று தோன்றிவிட்டது. ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுப்பு அறிவிப்பு நான்கு பக்கம் வந்தது. நான்கு பக்கத்தை யார் படிப்பார்கள். நீலம் பாய் வருத்தம் தெரிவித்தார் என்ற வரி முதல் பக்கத்தில் இருந்தது, செய்தி பொய் என்பது நான்காம் பக்கத்தில். “ஒத்துக்கிட்டாராம்” என்று ஊர் முழுக்கப் பேசினார்கள்.

பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். அதன் பின்பக்கம் ஒன்பது வருட ஒட்டடை. மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது.

*

இரண்டு நாள் கழித்து, அஸர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது பின்வாசலில் யாரோ தட்டினார்கள். பின்சந்தில் குப்பை வண்டி தவிர யாரும் வருவதில்லை. மனைவி திறந்தாள். தலைவர் நின்றார். கையில் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஜிப்பா.

“வர்ற வெள்ளிக்கிழமை மாநாடு பாய். பொய்ச் செய்தியும் அதன் தீமைகளும். பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. இதுதான் என்கிட்ட இருக்கறதுல நல்லது. மூணு கடைல குடுத்துப் பார்த்துட்டேன். போக மாட்டேங்குது.”

நீலம் பாய் ஜிப்பாவை விரித்தார். பையை மூடி உள்ளங்கை அகலத்துக்குக் கறை. காலரைத் திருப்பினார். அவர் கையால் அழியாத மையில் போட்ட நாற்பத்தொன்று என்ற எண் அங்கே அப்படியே இருந்தது. ஆறு வருடமாக இந்த ஜிப்பா இங்கேதான் வெளுத்திருக்கிறது.

“இது ஸ்பிரிட் போட்டாத்தான் போகும் தலைவரே.”

தலைவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

மனைவி உள்ளறையில் இருந்து சைகை காட்டினாள். கையில் போன். பின்வாசல், தலைவர், ஜிப்பா, ஸ்பிரிட் பாட்டில், எல்லாம் ஒரே படத்தில் அழகாக விழும் இடத்தில் நின்றிருந்தாள். நீலம் பாய் அவளிடம் போனார்.

“ஒரே ஒரு படம்” என்றாள் மெதுவாக. “இது பொய் இல்லையே. கண்ணால பார்க்கறோம். பதினொரு குழுவும் வேண்டாம், ஒண்ணுல போட்டாப் போதும். அத்தனை பேருக்கும் வாய் மூடும்.”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனிதர் பின்வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாம், வை.”

“ஏன்?”

“துணியோட ஒருத்தர் வந்தா அவர் கறை நம்ம கடைக்கு வெளிய போகக் கூடாது. ஒன்பது வருஷமா அப்படித்தானே இருக்கோம்.”

அவள் போனை வைத்தாள். அலமாரி மேல் வைத்த சத்தம் சற்றுப் பலமாகக் கேட்டது.

நீலம் பாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டியருகே வந்தார். “தலைவரே, இத்தனை நாள் கெஞ்சினேன், யாரும் வரலை. இப்பத்தான் வந்துட்டீங்களே. இங்க வந்து பக்கத்துல நில்லுங்க. என்ன போடறேன், எப்படி அலசறேன், ஒரு தடவை பார்த்துடுங்க. அஞ்சு நிமிஷம்.”

தலைவர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

“எனக்குக் காட்டாதீங்க பாய். பார்த்துட்டா நான் சாட்சியாயிடுவேன். சாட்சியாயிட்டா யாராவது கேட்டாச் சொல்ல வேண்டி வரும்.”

நீலம் பாய் பாட்டிலைத் திறந்தார். வாசனை அறை முழுக்கப் பரவியது. தலைவர் மூச்சை அடக்கிக்கொண்டார். நீலம் பாய் பஞ்சில் தொட்டுக் கறையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றினார். பிறகு குழாயைத் திறந்து, அந்த முதுகுக்குக் கேட்கட்டும் என்று உரக்க எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

வெள்ளிக்கிழமை மாநாட்டில் தலைவர் ஜிப்பா பால் மாதிரி இருந்தது. கண்ணால் காணாததைப் பேசாதீர்கள் என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னபோது கூட்டத்தில் சிலர் அழுதார்கள். சனிக்கிழமை பின்வாசல் வழியாகச் செயலாளர் வந்தார். எந்தக் கடையில் கறை போனது என்பதை அவர் யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டார், ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. திங்கட்கிழமை பல் டாக்டர், சாம்பல் கலர் சட்டையோடு. அதற்கடுத்த நாள் மதரஸா வாத்தியார், பெயிண்டர், பெட்ஷீட் ஆசாமி. பின்சந்தில் வரிசை நின்றது. ஒருவர் துணியை நீட்டியதும் அடுத்தவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் சாட்சி இல்லை.

மாதக் கடைசி வந்தது, கடையை மூடவில்லை. இஸ்திரிப்பெட்டி காலையிலிருந்து சூடாகவே இருந்தது. முன்பக்கத்துப் பச்சை ஷட்டர் மட்டும் திறந்தே கிடந்தது, அதன் வழியாக இமாம் தவிர யாரும் நுழையவில்லை. விசாரணை முடிந்துவிட்டதால் தனக்குத் தடை இல்லை என்று இமாம் ஜுப்பாவைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்பக்க வரிசையைப் பார்த்தார், நீலம் பாயைப் பார்த்தார்.

“எப்படி பாய் இருக்கீங்க?”

“அல்ஹம்துலில்லாஹ் ஹஜ்ரத். தொழில் பரவாயில்லை. மனசுதான் அசதியா இருக்கு.”

இமாம் தலையசைத்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அன்று வரிசை கலைந்தபின் நீலம் பாய் உள்ளே போய் அந்தப் பழைய பலகையை எடுத்து வந்தார். ஒட்டடையைத் துடைத்தார். பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதுதானே தீர்ப்பு. பின்னறையில், எல்லோரும் திரும்பி நின்றுகொள்கிற அந்தச் சுவரில், ஒரு ஆள் முகத்துக்கு நேரான உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

மறுநாள் தலைவர் வந்தார். ஜிப்பாவைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலச் சுவர் பக்கம் திரும்பினார். பலகை மூக்குக்கு எதிரே இருந்தது. முதல் வரி வரைக்கும் கண் போனது தெரிந்தது. மூன்று முறை அலசுகிறோம் என்ற இடம் வருவதற்குள் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

“சீக்கிரம் முடிங்க பாய்” என்றார்.

நீலம் பாய் குழாயைத் திறந்தார்.

“ஒண்ணு” என்று எண்ணத் தொடங்கினார்.